கொட்டகையில் ஒரு ராத்திரி, மலையில் ஒரு ராத்திரி

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் என் மனைவி அதைச் சொன்னாள்.

"அவன் போன வழியில நாமளும் போவணும்."

எங்கள் ஒரே மகன் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். பொங்கல் லீவு முடிந்ததும் ஹாஸ்டல் நண்பன் ஒருவனோடு ஒரு மலைக்குப் போனான். புத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலை. கோயில் கிடையாது, படி கிடையாது, யாரும் வேண்டிக்கொண்டு போகிற மலையும் இல்லை. மலையடி ஊரில் நண்பனின் பெரியம்மா வீட்டில் ஒரு ராத்திரி, மேலே ஆடு வளர்க்கிறவர்களின் நாலைந்து வீடுகளில் ஒன்றில் ஒரு ராத்திரி, மறுநாள் அந்தப் பக்கம் இறங்கினால் பஸ் ரோடு. அவர்கள் போட்ட திட்டம் அவ்வளவுதான். இரண்டாம் ராத்திரி விடிந்து, மேல் ஊருக்குக் கீழே இருக்கிற மடுவில் பாசியில் கால் வழுக்கி விழுந்துவிட்டான். நீச்சல் தெரியாது. சித்தூரில் எங்கள் பக்கம் நீந்துகிற அளவுக்குத் தண்ணீரை அவன் எங்கே பார்த்தான்?

நான் வெல்ல மண்டியில் தராசு பிடிக்கிறவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். செய்தி வந்தபோது கையில் எடைக்கல் இருந்தது. அதைக் கீழே வைத்தேனா, யாராவது வாங்கிக்கொண்டார்களா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மலையிலிருந்து கட்டிலில், பிறகு மாட்டு வண்டியில், பிறகு லாரியில் அவனைக் கொண்டுவந்தார்கள். எங்கள் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவன் விழுந்த இடத்தை நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பட்டினி கிடக்கிறாள் என்று சொல்ல முடியாது. தட்டைப் போட்டு உட்காருவாள். இரண்டு வாய் வைப்பாள். மூன்றாவது கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "அவன் காலையில இன்னா துன்னுட்டுப் போனான்?" என்று கேட்பாள். என்னைக் கேட்கிறாளா, சுவரைக் கேட்கிறாளா என்று தெரியாது. கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கை வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. மண்டியில் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிப் பழகியவன் நான். ஒரு நாள் வாசலில் தடுக்கி விழப்போனவளைத் தாங்கிப் பிடித்தபோது பயந்துபோனேன். மகனைப் போலவே இவளையும் தூக்கிக்கொண்டு போகப்போகிறோம் என்று அப்போதே மனதுக்குள் தோன்றிவிட்டது.

அதனால்தான் மலைக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னதும் சரி என்றேன். போதகரிடம் கேட்டபோது அவருக்கு விருப்பமில்லை. "அடக்கம் பண்ணின எடம் இங்க இருக்குதே, அங்க போயி இன்னாத்தப் பாக்கப் போறீங்க?" என்றார்.

வழி தெரிந்தவன் மகனோடு மலைக்குப் போன அந்த நண்பன் ஒருவன்தான். அவன் அந்த வருஷமே படிப்பை விட்டுவிட்டு, திருப்பதியில் சொந்தக்காரர் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். கடைக்கு எதிரில் நின்றேன். உள்ளே அவன் துணி அளந்துகொண்டிருந்தான். யார் கடைக்குள்ளும் போய் ஒரு வார்த்தை சுலபமாகக் கேட்டுவிடுகிற ஆள் இல்லை நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் நிமிர்ந்து பார்த்தால் போகலாம் என்று இருந்தேன். அவன் நிமிரவில்லை. பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே ஆனது.

"பேசினீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"கடையில கூட்டம்."

"கூட்டம் இல்லாத கட திருப்பதியில எங்க கீது? பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான். எங்க ஊட்டு நாயையே பாத்துக்கினு உக்காந்திருந்தீங்க. கடசி வரிக்கும் என்னப் பாக்கல. எங்க அண்ணன் சொல்லிச்சி, மாப்பிள்ளைக்கி நாயப் புடிச்சிப் போச்சின்னு."

மகன் போன பிறகு அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு அவளே என்னோடு வந்தாள். நேராகக் கடைக்குள் போனாள். அவளைப் பார்த்ததும் அந்தப் பையன் கையிலிருந்த கத்தரிக்கோல் துணியின் பாதியிலேயே நின்றுவிட்டது.

"வேலயப் பாரு கண்ணு. நாங்க வெளிய நிக்கிறோம்" என்றாள்.

சாப்பாட்டு வேளையில் அவன் வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மகன் கூப்பிட்டதைப் போலவே அவனும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான். அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு எப்படிக் கூப்பிடச் சொல்வது என்றும் தெரியவில்லை.

வழியைச் சொன்னான். புத்தூரில் இறங்கி சத்தியவேடு போகிற பஸ் ஏற வேண்டும். ஆலமரத்து ஸ்டாப்பில் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் பெரியம்மா ஊர். அங்கிருந்து மேல் ஊர் ஆள் யாராவது பால் ஊற்ற இறங்கி வருவார்கள். அவர்களோடு ஏறிவிடலாம்.

"நீயும் வாயேன்" என்றாள் அவள்.

"என்னால முடியாதும்மா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நைனா, இன்னொண்ணு. பெரியம்மா ஊட்ல... அவங்க கேப்பாங்க, இன்னா ஜனம்னு. அன்னிக்கி அவன் மாட்டுக் கொட்டாயிலதான் படுத்தான். நானும் அவன் கூடவேதான் படுத்தேன். உள்ள போவல" என்றான்.

எனக்குக் காது சுட்டது. எங்கள் தாத்தா காலத்தில் சபையில் சேர்ந்த குடும்பம் நாங்கள். சித்தூரில் இருக்கிற வரைக்கும், மண்டியிலும் சபையிலும் சுற்றுகிற வரைக்கும், இன்ன ஜனம் என்பதை மறந்து இருக்க முடிந்தது. ஒரு ராத்திரி பிறர் வீட்டில் படுக்க வேண்டும் என்கிறபோதுதான் அது எழுந்து வாசலில் நிற்கிறது. வேண்டாம், போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "அவன் படுத்த எடத்திலதான் நாங்களும் படுப்போம். உள்ள கூப்ட்டாலும் போவ மாட்டோம். அதச் சொல்லு உங்க பெரியம்மாவுக்கு." பிறகு கேட்டாள். "கண்ணு, அன்னிக்கிக் காலையில அவன் இன்னா துன்னான்?"

அவன் டீ கிளாஸைப் பார்த்தான். பிறகு அலிபிரி பஸ்ஸிலிருந்து இறங்குகிற மொட்டைத் தலைகளைப் பார்த்தான்.

"களி சாப்ட்டான்மா."

"கேவுருக் களியா?"

"ஆமாம்மா. வயிறு நெறைய."

"தொட்டுக்க?"

"வேர்க்கடலத் தொவையல்."

"அவனுக்குக் காரம் ஆவாதே."

"கேட்டு வாங்கித் துன்னான்மா" என்றான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் வாழைப்பழம் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். உரித்து முழுதாகத் தின்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அந்த மலைதான். மழைக்காலம் முழுவதும் பேசினோம். ஓடைகளில் தண்ணீர் இறங்கிய பிறகுதான் போக முடியும். அவன் இறந்த தேதியிலேயே அங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். சபைக் காலண்டரில் ஜனவரி மாதத்தில் அந்தத் தேதிக்குமேல் அவள் நகத்தால் கீறி வைத்தாள். தங்குகிற வீடுகளுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. மண்டியிலிருந்து நல்ல வெல்லமாக இரண்டு உருண்டை கொண்டுபோகலாம் என்றேன். கருப்பு வெல்லம் வேண்டாம், மஞ்சளாக இருக்கிறதாகப் பார்த்து எடுங்கள் என்றாள். ஜமுக்காளம் ஒன்று போதுமா, பனி அதிகமாக இருக்குமே என்றாள். இருக்கும் என்றேன். செருப்போடு ஏற முடியுமா என்று கேட்டாள். தெரியாததற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள் என்பதுதான் காரணம்.

சபையிலிருந்த தச்சரிடம் சொல்லி முழ நீளத்தில் ஒரு மரச் சிலுவை செய்து வாங்கினேன். மடுவின் கரையில் நட்டுவிட்டு, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வந்தால் அவளுக்கு மனம் அடங்கிவிடும், வீடு பழையபடி ஆகிவிடும் என்று எண்ணினேன். என் திட்டத்தில் அதுதான் கடைசி வேலை.

ஜனவரி, வெல்ல சீசன். லீவு கேட்டபோது மண்டி முதலாளி, "சீசன்ல எந்தத் தராசுக்காரன்யா மல ஏறப் போறான்?" என்றார். காரணத்தைச் சொல்ல முடியாமல் நின்றேன். அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். போய் வா, மூன்று நாளைக்கு மேல் முடியாது என்றார்.

மலையடி ஊருக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். நண்பனின் பெரியம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். கொட்டகையைப் பெருக்கி, சாணி மெழுகி, புதுப் பாய் போட்டு வைத்திருந்தாள். இலையில் சோறு கொண்டுவந்து வெளியிலேயே வைத்தாள்.

"உங்க புள்ள தங்கம்மா. கேக்காம ஒரு சொம்பத் தொடல. நின்ன எடத்துலேயே நின்னுக்கினு, ஊத்துங்கன்னு கையை ஏந்திச்சி. அப்பிடி அடக்கமான புள்ள" என்றாள்.

அவள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். என் மனைவி கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமாங்க, நாங்க அப்படித்தான் வளத்தோம்" என்றாள். ஹாஸ்டலுக்கு அனுப்பும்போது போகிற இடத்தில் பார்த்து நடந்துகொள் என்று சொன்னது உண்மைதான்.

படுத்த பிறகு, "இந்த மாடு அப்பவும் இருந்திருக்கும் இல்ல?" என்று கேட்டாள். இருந்திருக்கும் என்றேன். கை நீட்டி அதன் காலைத் தொட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் மேல் ஊர்க்காரர் ஒருவர் பால் கேனோடு இறங்கி வந்தார். நாங்கள் யார் என்று பெரியம்மா சொன்னதும் கேனைக் கீழே வைத்தார்.

"எங்க ஊட்லதான் தங்கினான் அண்ணா" என்றார் பிறகு. "எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு எங்க ஊட்டுக்காரி தெனமும் கேட்டுக்கினே கீறா. வாங்க போலாம்."

மலை நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. ஆடு போகிற தடம். பாறைகளுக்கு நடுவில் ஈச்சஞ்செடியும் முள்ளும். அவள் எனக்கு முன்னால் ஏறினாள். மூச்சு வாங்கி நிற்கிற இடங்களில் எல்லாம், "இங்க உக்காந்திருப்பானா?" என்று கேட்டாள். உட்கார்ந்திருப்பான் என்று மேல் ஊர்க்காரர் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

மேல் ஊர் என்பது பாறை மேட்டில் நாலைந்து கூரை வீடுகளும் ஆட்டுப் பட்டியும்தான். அவர் மனைவி வெளியே ஓடி வந்தாள். தெலுங்குக்காரி. எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினாள். என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரா அக்கா, ரா" என்று உள்ளே அழைத்துப்போனாள். உள்ளே, அடுப்புப் பக்கத்தில். எங்களை அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் மனைவி உட்கார்ந்ததும் சொன்னாள். "கடசியா நீதாம்மா அவனுக்குச் சோறு போட்டவ. களி, வேர்க்கடலத் தொவையல். வயிறு நெறையத் துன்னான்னு அவன் கூட்டாளி சொன்னான். உனக்குக் கையெடுத்துக் கும்புட்டுப் போலாம்னுதான் வந்தோம்."

அந்தப் பெண் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"தினலேது அக்கா" என்றாள். "தினலேது."

அவன் தின்னவில்லை. களி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. குடத்தில் தண்ணீர் இல்லை. இவள் குடத்தை எடுத்தபோது அவன் வாங்கிக்கொண்டான். நீ களியைப் பார் அக்கா, தண்ணீர் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நண்பன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். களியைக் கிண்டி இறக்கி, உருண்டை பிடித்துத் தட்டில் வைத்துக்கொண்டு இவள் காத்திருந்தாள்.

"வேடிகா துன்னணும்னு சொல்லிச்சி அக்கா, சூடா. அது ஆறிப்போச்சி. நேனு குடம் குடுத்தேன் அக்கா. நேனே."

என் மனைவி அழவில்லை. கண்ணை மூடாமல் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழத்திலிருந்து இத்தனை மாதமாக அவள் தின்ற சோறெல்லாம் அந்த ஒரு பொய்யின் மேல் தின்றது. இனி இவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்று நினைத்தேன். எதற்காக இந்த வழியைப் போட்டோம் என்று இருந்தது. அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை. மலை ஏறாமல், அவன் சொன்ன பொய்யை இன்னும் கொஞ்ச காலம் கீழேயே வைத்துக்கொண்டிருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

பிறகு மடுவுக்குப் போனோம். நான் துண்டில் சுற்றிய சிலுவையைக் கையில் எடுத்துக்கொண்டேன். மடு சின்னதுதான். தண்ணீர் தெளிவாக, அடிக்கூழாங்கல் தெரிய இருந்தது. இதிலா என்று இருந்தது. கரையில் ஒரு புங்க மரம். அதன் அடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு கல் நட்டிருந்தது. முன்னால் ஒரு மண் குடமும் ஒரு மண் தட்டும்.

"உங்க பையன்தான் அண்ணா" என்றார் மேல் ஊர்க்காரர்.

அவர்கள் வழக்கம் அது. வாழாமல் அகாலத்தில் போனவர்களைப் போன இடத்திலேயே கல்லாக நட்டு வைத்துக்கொள்வார்கள். பசியோடு போனவன் என்பதால் இவனுக்கு அமாவாசைக்கு அமாவாசை இந்தப் பெண் களி கிண்டிச் சூட்டோடு கொண்டுவந்து வைக்கிறாள். அவன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. குடத்து அப்பாயி, குடத்துப் பையன், என்று அவர்களாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

நாங்கள் கல்லைக் கும்பிடாத ஜனம். படைத்ததைத் தின்னாத ஜனம். மண்டியில் ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் கொடுத்தால், வாங்கிப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். யாரும் வற்புறுத்தியதில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே வந்துவிட்டது. அந்தக் கல்லுக்கு முன்னால் நான் சிலுவையை வைத்துக்கொண்டு நின்றேன். எங்கே நடுவது என்று தெரியவில்லை.

அந்தப் பெண் வீட்டுக்கு ஓடினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். களி கிண்டி, உருண்டையாக, ஆவி பறக்கக் கொண்டுவந்தாள். நான் கொடுத்த வெல்லத்தையும் உடைத்து ஒரு ஓரத்தில் வைத்திருந்தாள். மண் தட்டில் அதைக் கல்லுக்கு முன்னால் வைத்து, குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி, "தினு நாயனா, அம்மா வச்சிந்தி" என்றாள். தின்னு அப்பா, அம்மா வந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்து என் மனைவியின் கையில் கொடுத்தாள். "உம் புள்ள துன்ன மிச்சம் அக்கா."

என் மனைவி களியைப் பிட்டாள். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் விழுங்கினாள். இன்னும் பிட்டாள். உருண்டை முழுவதையும் தின்று தட்டை விரலால் வழித்தாள். கண்ணீர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்து வழித்தாள். ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக நான் எந்த ஜெபத்தில் கேட்டேனோ அது என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. கேட்ட இடத்திலிருந்து வரவில்லை.

வெல்லத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"துன்னுங்க."

நான் வெல்லத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் துன்னது. ஒரு வாயி. துன்னுங்க."

கையை மூடிக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பாவம் என்று நினைத்தேனா, பயந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. கை எழும்பவில்லை, அவ்வளவுதான். அவள் என் மூடிய கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து மடுவில் தட்டைக் கழுவப் போனாள்.

சிலுவையைப் பார்த்துவிட்டு மேல் ஊர்க்காரர்தான் சொன்னார். "அதுவும் நடுங்க அண்ணா. பக்கத்துல எடம் கீதே."

"வேணாம்" என்றாள் அவள், கழுவிக்கொண்டே. "அவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு கீது."

அன்று சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். தேதி பார்த்துத்தான் வந்தோம், இன்றைக்குத்தான் அவன் போன நாள் என்று என் மனைவி சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.

"இன்னிக்கி அவன் நாளு இல்லியே அக்கா. அவன் போனது தை அமாவாச. அடுத்த வாரம்தான் வருது. அன்னிக்கி எந்த ஊட்லயும் அடுப்பு மூட்ட மாட்டோம். அவனுக்கு வெச்சப்புறம்தான்."

நாங்கள் மாதக்கணக்கில் யோசித்து, நகத்தால் கீறி வைத்து, தப்பான நாளில் வந்திருந்தோம். எங்களுக்கு அமாவாசை எப்போது வருகிறது என்றே தெரியாது. காலண்டரில் கறுப்பு வட்டமாக ஓர் ஓரத்தில் இருக்கும்.

"அப்ப நான் இருந்துட்டு வர்றேன்" என்றாள் என் மனைவி.

"எனக்கு லீவு இல்லியே" என்றேன்.

"நீங்க போங்க. உங்கள யாரு இருக்கச் சொன்னது?"

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் என்னை இன்றுவரை குத்துகிறது.

மறுநாள் காலையில் நான் மட்டும் இறங்கினேன். அந்தப் பக்கம் இறங்கிப் பஸ் ரோட்டைப் பிடிப்பதாகத்தான் திட்டம். அவனால் போக முடியாமல் போன மீதி வழி அது. எனக்கு அதில் தனியாகப் போக மனமில்லை. வந்த வழியே திரும்பி, கொட்டகையைத் தாண்டி, ஏரிக்கரை மேல் நடந்தேன். துண்டில் சிலுவை இருந்தது. முந்தின நாள் துண்டின் முனையில் முடிந்து வைத்திருந்த வெல்லம் கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலமரத்து ஸ்டாப்பில் அவிழ்த்துப் பார்த்தேன். எறும்பு மொய்த்திருந்தது. எறியவும் முடியவில்லை. மரத்தின் வேர்மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அமாவாசை கழிந்து அவள் வந்தாள். மேல் ஊர்க்காரர் புத்தூர் வரைக்கும் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. வந்ததும் தட்டைப் போட்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை இழந்துவிடுவோம் என்று பயந்துதான் அந்த வழியைப் போட்டேன். அவள் பிழைத்துக்கொண்டாள். என்னிடம் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் ஆகிவிட்டது. அவள் சபைக்கு வருவதில்லை. முழங்கால் வலி என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை மலை ஏறுகிறவளுக்கு முழங்கால் வலி என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கல்லறைக்கும் வருவதில்லை. ஒரு தடவை பூ வாங்கிக்கொண்டு கூப்பிட்டேன். "அங்க யாரு கீறாங்க?" என்று கேட்டாள். நான் தனியாகப் போய்ப் பூவை வைத்துவிட்டு நின்றபோது, எனக்கும் அதே கேள்வி வந்துவிட்டது. அங்கேயும் அவன் இல்லை. மலையில் அவளுக்கு இருக்கிறான். எனக்கு எங்கேயும் இல்லை. சிலுவை கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. பெருக்கும்போது அதை எடுத்து வைத்துவிட்டுப் பெருக்கி, மறுபடியும் அங்கேயே வைக்கிறாள்.

ஒவ்வொரு தை அமாவாசைக்கும் போகிறோம். மலையடி ஊர் வரைக்கும் நான் போவேன். கொட்டகையில் ஒரு ராத்திரி இருவரும் படுப்போம். விடிந்ததும் அவள் மேல் ஊர்க்காரரோடு ஏறிவிடுவாள். மலையில் அவளுக்கு ஒரு ராத்திரி, கொட்டகையில் எனக்கு இன்னொன்று. இறங்கி வரும்போது எனக்கென்று எதுவும் கொண்டுவருவதில்லை. முதல் தடவைக்குப் பிறகு அவள் படைத்ததை என்னிடம் நீட்டியதே இல்லை. நீட்டினால் இப்போது வாங்கித் தின்பேனா என்று நாள் முழுக்க வெல்லத்தை நிறுத்துக்கொண்டே யோசிப்பேன். தெரியவில்லை.

மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. சோறு ஆகிவிட்டது, எண்ணெய் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மலைக்குப் போகிற ஏற்பாடு என்று வந்தால் மட்டும் அவள் என்னிடம் உட்கார்ந்து பேசுவாள். அதனால் நான் வருஷா வருஷம் கொஞ்சம் முன்னதாகவே ஆரம்பிக்கிறேன். இந்த வருஷம் மழையே இன்னும் பிடிக்கவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது, எல்லாம் தெரிந்திருந்தும் கேட்டேன்.

"புத்தூர்ல எறங்கி எந்த பஸ்ல ஏறணும்?"

"சத்தியவேடு பஸ்ல" என்றாள். "வருஷா வருஷம் இதையே கேக்குறீங்க."

"ஆலமரத்து ஸ்டாப்புல டிரைவர் நிப்பாட்டுவானா?"

"சொன்னா நிப்பாட்டுவான். நான் சொல்றேன். நீங்கதான் வாயத் தொறக்க மாட்டீங்களே" என்றாள்.

"ஜமுக்காளம் ஒண்ணு போதுமா?" என்று கேட்டேன்.